மணல் வாளியில் மணல் வையுங்கள்

எங்கள் ஊர் நெடுஞ்சாலைப் பங்குக்குப் பெட்ரோல் அனுப்பும் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ‘சிறிய கசிவு, உடனே சுத்தம் செய்யப்பட்டது’ என்று அறிக்கையும் வந்திருக்கும். காவேரிப்பட்டணம் பக்கத்தில் அந்தப் பங்கின் பின்சுவரை ஒட்டிக் குடியிருப்பவன் நான். அந்தச் சுத்தத்தை நேரில் பார்த்தவன்.

டேங்கரிலிருந்து இறக்குவதற்கு முன் நிலத்தடித் தொட்டியில் டிப் கம்பியை விட்டு அளவு பார்க்க வேண்டும். பார்க்கவில்லை போலிருக்கிறது. தொட்டி நிரம்பிப் பெட்ரோல் பொங்கித் தரையில் ஓடியது. அப்போதும் முன்பக்கம் பைக்குகளுக்கு விற்பனை நடந்தது. சாலையோரத்து டீக்கடை அக்காதான் வாசனை பிடித்து, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து கத்தினார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைப் பிடித்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்காவுக்கு இதற்கெல்லாம் பயிற்சி வகுப்பு நடத்தவும் இல்லை.

அதன் பிறகு மணலைத் தேடினார்கள். சிவப்பு வண்ணம் அடித்து வரிசையாகத் தொங்கும் நான்கு வாளிகள். ஒன்றில் வெற்றிலை எச்சில். ஒன்றில் பீடித் துண்டுகள். பெட்ரோல் பங்கில் பீடித் துண்டுகள், ஐயா! மூன்றாவதில் மழை குடித்து இறுகிய மண், கவிழ்த்தும் விழவில்லை. நாலாவதில் யாரோ துளசி வைத்திருந்தார்கள், செழிப்பாக வளர்ந்திருந்தது. கடைசியில், இருபது வயதுகூட நிரம்பாத பையன் ஒருவன் வெறுங்காலோடு நின்று, குழாய்த் தண்ணீரை அடித்து எல்லாவற்றையும் பின்பக்க வாய்க்காலுக்குத் தள்ளினான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மணல் இருந்திருந்தால் மணலைப் போட்டிருப்பான்.

தண்ணீரில் பெட்ரோல் மிதந்துகொண்டு போகும். மிதந்து வந்தது என் கிணற்றுப் பக்கம். எங்களுடையது கல்லுப் பூமி. பாறை வெடிப்பில் இறங்கும் நீர் எங்கே போய் ஊறும் என்று கிணறு வெட்டியவனுக்கே தெரியாது. மூன்றாம் நாள் இறைத்த வாளியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம். வெயிலில் கட்டிக் கிடந்த மாட்டின் முன் வைத்தேன். மூக்கைக் கொண்டு போனது, புஸ் என்று மூச்சு விட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி நகர்த்தி வைத்தேன். காலால் தட்டிக் கவிழ்த்துவிட்டது.

எங்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது, குடித்துக்கொள்கிறோம். இரண்டு கறவை மாடுகளுக்கு அது எப்படிப் போதும்? டிராக்டர் டேங்கில் விலைக்கு வாங்கி ஊற்றுகிறேன். செய்தி பரவியதிலிருந்து பால் சொசைட்டியில் என் கேனை மட்டும் முகர்ந்து பார்த்து வாங்குகிறார்கள். பெட்ரோலில் 1 விழுக்காடு வரை பென்சீன் இருக்கலாம், அது புற்றுநோய் தரும் பொருள் என்று வேதியியல் படிக்கும் என் மகள் சொன்ன நாளிலிருந்து, துணி துவைக்கவும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை.

மேலாளரிடம் போனேன். “கொஞ்ச நாளில் தானாகப் போய்விடும், அண்ணா. வேறு ஏதாவது, வண்டிக்குக் காற்று அடிக்க வேண்டுமா?” என்றார். அந்தக் காற்று இயந்திரம் பொங்கலிலிருந்து ஓடவில்லை. ‘இலவசக் காற்று’ என்ற பலகைக்கு மட்டும் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பெரிய ரகசியம். ஆனால் எவ்வளவு பெட்ரோல் போட்டால் எத்தனை புள்ளி கிடைக்கும் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். சரி, அதெல்லாம் வேறு கடிதத்துக்கு உரியது, மன்னியுங்கள்.

நான் கேட்பது மணல். வாளியில் உலர்ந்த மணல். எண்ணெய் சிந்தினால் விற்பனையை நிறுத்தி, நிற்கும் வண்டிகளை ஸ்டார்ட் செய்யாமல் கையால் தள்ளி, மணலைக் கொட்டி உறிஞ்ச வைத்து அள்ள வேண்டும் என்று அந்தப் பையன்களுக்கு ஒரு நாள் சொல்லிக் கொடுங்கள். வடிகாலிலும் ஓடையிலும் பெட்ரோல் சேராமல் காக்க வேண்டும் என்று 2002 ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளே சொல்கின்றன. மழை வந்தால் இந்த வாய்க்கால் தென்பெண்ணையில் போய்ச் சேரும். மணல் விலை அதிகம் என்பீர்களானால், கிரஷர்களிலிருந்து எம்-சாண்ட் ஏற்றி வரும் லாரிகள் உங்கள் பங்கில்தான் டீசல் போடுகின்றன. ஒரு சட்டி கேட்டால் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கூடவே, என் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதித்து, முடிவை எழுத்தில் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை மாடுகளுக்கு வாங்கும் தண்ணீரின் ரசீதுகளை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் நேரில் வாருங்கள். நாலாவது வாளியைக் காலி செய்யும்போது துளசியைத் தூக்கி எறிந்துவிடாமல் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், வீட்டில் நட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பின்சுவர் வீட்டுக்காரன்