சின்னவன்ர மருந்தைப் பற்றி

என்ர பிள்ளைக்கு,

போனில சொன்னா நீ பாதியில அழத் தொடங்கிடுவாய், அதுதான் எழுதிறன், ஆறுதலா இருந்து வாசி. சின்னவனுக்குக் கவாசாகி எண்ட வருத்தமெண்டு உங்க டொக்டர்மார் கெதியாக் கண்டுபிடிச்சதே பெரிய காரியம். இதைக் காட்டிக் குடுக்கத் தனி டெஸ்ட் ஒண்டும் இல்லை, அஞ்சு நாள் விடாத காய்ச்சல், பூளை தள்ளாமல் சிவந்த கண், வெடிச்ச உதடு, கை கால் வீக்கம் எல்லாத்தையும் சேத்துப் பாத்தாத்தான் பிடிபடும். நான் சின்னப்பிள்ளையளின்ர வாட்டில மிஸ்ஸியா நிண்ட காலத்தில, அம்மாள் வருத்தமெண்டு வேப்பிலையோட வீட்டில வச்சிருந்து பிந்திக் கொண்டு வந்த பிள்ளையளையும் கண்டனான்.

இரவைக்கு ஏத்தப்போற இமியூனோகுளோபுலினை நினைச்சுத்தான் உனக்குப் பயம். ஆற்றையோ ரத்தமாமே எண்டு கேட்டாய். ஆயிரக்கணக்கான ஆக்கள் குடுத்த பிளாஸ்மாவில இருந்து எதிர்ப்புச் சக்திப் புரதத்தை மட்டும் பிரிச்சு, கிருமி நீக்கிச் சுத்தப்படுத்தித்தான் போத்தல்ல அடைக்கிறவை. இந்த வருத்தத்தில பிள்ளையின்ர எதிர்ப்புச் சக்தியே அவன்ர ரத்தக்குழாயைப் போட்டு அழற்ற வைக்குது, அதிலயும் இதயத்துக்கு ரத்தம் குடுக்கிற குழாய்தான் எங்களுக்குப் பயம். மருந்து ஏத்தாட்டி 4 பிள்ளையில ஒண்டுக்கு அந்தக் குழாய் பழுதாகும், காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள்ள ஏத்தினா 100இல நாலைஞ்சு பேருக்குத்தான். இதுக்கு மேல யோசிக்க என்ன கிடக்கு பிள்ளை?

கிலோவுக்கு 2 கிராம் கணக்கு, அவன் 12 கிலோ எண்டா 24 கிராம், 10, 12 மணித்தியாலம் மெல்ல மெல்ல ஏறும். ஏறேக்க நடுங்கினாலோ தலையிடிக்குதெண்டு அழுதாலோ உடன மிஸ்ஸியைக் கூப்பிடு, வேகத்தைக் குறைப்பினம். முடிஞ்சு 36 மணித்தியாலத்துக்குப் பிறகும் காய்ச்சல் காஞ்சா திரும்பவும் ஏத்தச் சொல்லலாம், சில பிள்ளையளுக்கு அப்பிடி வாறதுதான், இடிஞ்சு போகாத.

ஏன் வருதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, ஜப்பானில டொக்டர் கவாசாகி 1967இல எழுதினதில இருந்து தேடிக்கொண்டுதான் இருக்கினம். அதால குளிருக்க கொண்டு திரிஞ்சதாலயோ எண்டு உன்னை நீயே குற்றஞ்சாட்டாத, மாமி சொல்லுறதையும் காதில போடாத.

வீட்ட வந்தாப் பிறகுதான் கவனம் வேணும், காய்ச்சல் விட்டா எல்லாரும் மறந்திடுவினம். ரெண்டு மூண்டு கிழமையில நகத்தடியில இருந்து தோல் ஏடு ஏடாக் கழரும், பிடிச்சு இழுக்காத. அஸ்பிரினை டொக்டர் சொல்லாமல் நிப்பாட்டாத, ஐபுபுரோபன் குடுக்காத. அஸ்பிரின் குடிக்கேக்க கொப்பளிப்பான், ஃப்ளூ உள்ள ஆக்களோட சேந்தா அண்டைக்கே டொக்டருக்குச் சொல்லு. சின்னமுத்துக்குப் போடுற எம்எம்ஆர் ஊசி, கொப்பளிப்பான் ஊசி 11 மாதத்துக்குப் போடேலாது, இப்ப போட்டா வேலை செய்யாது. எக்கோ, அதுதான் இதய ஸ்கான், ரெண்டு கிழமையில ஒண்டு, பிறகு 6, 8 கிழமைக்குள்ள ஒண்டு எடுப்பினம், அவன் துள்ளி விளையாடினாலும் அதை மட்டும் விட்டிடாத.

அப்பா சந்நிதிக்கு நேர்த்தி வச்சிட்டார். நீ எக்கோத் திகதியைக் கேட்டு எனக்கும் அனுப்பு, இரவில எத்தினை மணியெண்டாலும் எடு, இஞ்ச பகல்தானே.

அம்மா