டென்வர் ஜெயிச்சது மலையால மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டென்வர் நகெட்ஸ் டீம் 2023 சீசன்ல என்பிஏ, அதாவது அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்ல சாம்பியன் ஆனதைப் பத்தி உங்க விளையாட்டுப் பக்கத்துல சின்னதா ஒரு செய்தி பார்த்தேன், டென்வர் 5280 அடி உயரத்துல இருக்கற ஊரு, வர்ற டீமுக்கெல்லாம் மூச்சு வாங்குது, அதான் ஜெயிச்சிட்டாங்கன்னு முடிச்சிருந்தீங்க. எங்க குன்னூர் அதைவிட உயரம், 6000 அடி. இங்க பாஸ்கெட்பால் ஆடுற பசங்களும் இதையேதான் சொல்றாங்க, கோயம்புத்தூர் டீம் மேல ஏறி வந்தா ரெண்டு குவார்ட்டர் தாங்க மாட்டாங்கன்னு.

மூச்சு வாங்குறது நிஜம்தான், ரெகுலர் சீசன்ல சொந்த ஊர்ல ஆடுன 41 மேட்ச்ல 34 ஜெயிச்சிருக்காங்க. ஆனா மலை என்ன நேத்தா முளைச்சுது? 1976லயே என்பிஏவுக்குள்ள வந்த டீமுக்கு இதுதான் மொத கப்பு. ஃபைனலுக்கு முந்தின சுத்துல லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டீமை 4-0ன்னு அடிச்சதுல ரெண்டு மேட்ச் லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்தது, ஃபைனல்லயும் மியாமிக்கே போய் ரெண்டு மேட்ச் ஜெயிச்சாங்க, அது கடலோர ஊரு.

என்னைக் கேட்டா பொறுமைதாங்க ஜெயிச்சுது. அப்ப கோச்சா இருந்த மைக்கேல் மலோன் 2015ல வந்தாரு, மொத மூணு சீசன் பிளேஆஃபே (ரெகுலர் சீசனுக்கு அப்புறம் வர்ற நாக்-அவுட் சுத்து) கிடையாது, 2018ல கடைசி மேட்ச்ல மினசோட்டாகிட்ட ஓவர்டைம்ல தோத்து வெளிய போனாங்க, அப்பவும் அவரை மாத்தல. நிகோலா யோகிச் 2014 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க புது பசங்களை வரிசையா எடுக்கறதுல, 41வது ஆளு, பெருசா குதிக்கவும் மாட்டாரு ஓடவும் மாட்டாரு, அவரை நம்பி டீமையே அவரைச் சுத்திக் கட்டினாங்க. ஜமால் மர்ரேக்கு 2021 ஏப்ரல்ல முட்டில லிகமெண்ட் கிழிஞ்சு அடுத்த சீசன் முழுக்க ஒரு மேட்ச் கூட ஆடல, அவரையும் விட்டுடல.

ஃபைனல் மூணாவது மேட்ச் நம்ம டைம் காலைல 6 மணிக்கு, மழை மூட்டத்துல சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு, இருந்தாலும் முழுசா பார்த்தேன். யோகிச் 32 பாயிண்ட், 21 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், மர்ரே 34, 10, 10. ஒரே டீம்ல ரெண்டு பேர் ஒரே மேட்ச்ல 30 பாயிண்ட்டோட டிரிபிள் டபுள் (இப்படி மூணு கணக்குலயும் பத்தோ அதுக்கு மேலயோ) எடுத்தது என்பிஏல அதான் மொத தடவை. யோகிச் பந்தை வச்சுக்கிட்டு நிக்க மர்ரே அவரை உரசுற மாதிரி சுத்தி வருவாரு, யாரைப் பிடிக்கறதுன்னு டிஃபெண்டர் யோசிக்கிற அரை செகண்ட்ல பந்து கைமாறிடும், சில நேரம் மாறாது, யோகிச்சே திரும்பிப் போட்டுடுவாரு. அந்தப் புரிதல் 2016ல இருந்து சேர்ந்து ஆடி ஆடி வந்தது.

இதை இவ்வளவு நீட்டி எழுதறதுக்குக் காரணம் இருக்குங்க. இங்க ஒரு டோர்னமென்ட் தோத்தா கோச்சை மாத்திடறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், நல்ல பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டு போய் ஆட்டத்தை நடத்தற ஆளு), ஈரமா இருந்த சிமெண்ட் கோர்ட்டுல வழுக்கி மர்ரே மாதிரியே முட்டி லிகமெண்ட் போச்சு. ஆபரேஷன் முடிஞ்சு வந்து பார்த்தா அவன் நம்பர் ஜெர்சி வேற பையன் மேல இருக்கு, டீம் ஆளுங்க யாரும் ஒரு ஃபோன் கூட பண்ணல. இப்ப நடக்கறான், மெதுவா ஓடறான், கோர்ட்டு பக்கம் மட்டும் வரவே மாட்டேங்கறான்.

அதனால மர்ரே அந்த ஒன்றரை வருஷம் என்ன பண்ணாரு, எப்படி திரும்பி வந்தாருன்னு உங்க பத்திரிகைல அரைப்பக்கமாவது போடுங்க. அந்தப் பையன் வீட்ல உங்க பேப்பர்தான் வாங்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்