கட்டம் கட்டமாக வரும் எச்சரிக்கை

ஆசிரியருக்கு,

பெருந்தொற்றுக் கால அறிவிப்புகள் எல்லோரையும் எட்டுவதில்லை. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும்; தமிழில் 70 இடம்தான். அதிலும் 'கி' என்ற ஓர் எழுத்தே இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தமிழ் எழுத்துரு இல்லாத பழைய பட்டன் போனில் வெறும் கட்டங்களே தெரியும். அறிவிப்பைப் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவது இன்னும் மோசம்: பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் செயலி, படத்திலுள்ள எழுத்தைப் பெரும்பாலும் வாசிக்காது. அதே வாசகத்தைக் கீழே தட்டச்சு செய்தால் தீர்ந்தது, இதற்குக்கூடவா சோம்பல்? பட்டன் போனுக்குக் குரல் அழைப்பே சரி. செய்ய வேண்டியது முதல் வரியிலேயே வரட்டும். மறுபடி கேட்க ஓர் எண்ணை அழுத்தும் வசதியும் வேண்டும். 'நோய்த்தடுப்பு நெறிமுறைகளைப் பின்பற்றவும்' என்றால் யாருக்கு என்ன புரியும்? 'சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்' என்று சொல்லுங்கள்.