நாளைக் காலை என்றால் எந்த நாளை?

படகு திருத்தும் துறைக்குப் பொறுப்பான ஐயாமாருக்கு,

வணக்கம். எங்கள் மீன்பிடிப் படகு உங்கள் திருத்த வேலையில் பதினொரு நாள் பிந்திய கதை உங்களுக்குப் புதிதல்ல. அத்தனை நாளும் நான் உங்கள் வாசலில்தான் நின்றேன். மூன்றாம் நாளிலிருந்து காவலாளித் தம்பி எனக்கும் சேர்த்தே தேத்தண்ணி வாங்கி வந்தார். அந்த ஒரு உபகாரத்துக்கு முதலில் நன்றி.

எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போகும் சாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டதென்று படகைக் கரையில் ஏற்றினோம். கழற்றிப் பார்த்தால் சாஃப்டிலும் கோடு விழுந்திருந்தது. பழைய படகைப் பிரித்தால் இப்படி ஒன்று வெளியே வரத்தான் செய்யும். லேத்துக்குப் போய்வந்த ஐந்து நாளைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

முறைப்பாடு அதற்குப் பிறகுதான். படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று, "இனி ஒன்றுமில்லை, இரவைக்கே போகலாம்" என்றீர்கள். அந்தச் சொல்லை நம்பி 3000 லீற்றர் டீசல் அடித்தோம். 280 பார் ஐஸை அரைத்து அறைகளில் கொட்டினோம். எஞ்சினைப் போட்டால் பின்பக்கக் கிளாண்டில், அதாவது சாஃப்ட் படகைவிட்டு வெளியே போகும் இடத்து அடைப்பில், தண்ணீர் ஓடுகிறது. சாஃப்ட் சுற்றும்போது அதில் சொட்டுச் சொட்டாக வரவேண்டும், அந்தச் சொட்டுத்தான் சூட்டைத் தணிக்கும். ஓடினால் பிழை. சாஃப்டைச் சுற்றி அடைத்திருக்கும் பழைய பக்கிங் கயிற்றை இழுத்தெடுத்து, அளவான கயிற்றை வைத்து இறுக்க அரை நாள் போதும், படகைத் திரும்ப ஏற்றவும் தேவையில்லை. இதைச் சொன்னதும் நீங்கள்தான். "நாளைக் காலையில் ஆள் வரும்."

ஆள் வந்தது ஐந்தாம் நாள் மத்தியானம். கொண்டுவந்த கயிறு தடிப்புக் கூட. சரியான கயிறு வர ஆறாம் நாள்.

அந்த நாட்களில் ஐஸ் அறை மூடியை ஒருதரம் திறந்து பார்த்திருந்தீர்களானால் இந்த மடல் தேவைப்பட்டிருக்காது. முதல் நாள் இடுப்பளவுக்கு வெள்ளையாக நின்ற ஐஸ், நாலாம் நாள் சுவரை விட்டு விலகிக் கட்டிகட்டியாகக் கிடந்தது. அடியில் சேரும் தண்ணீரை விடிய ஒருதரம், பின்னேரம் ஒருதரம் இறைக்க வேண்டும். இறைக்காவிட்டால் மிச்சமும் போய்விடும். ஆட்களில் இளையவன், ஆழ்கடலுக்கு இதுதான் அவனுக்கு முதல் பயணம், பம் குழாயைக் கடல் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றவன், "காசுதான் ஓடுது, மாமா" என்றான்.

அது பகிடி இல்லை. மீன் விற்ற காசில் ஐஸ், டீசல், சாமான் செலவையெல்லாம் கழித்த பிறகுதான் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்போம். ஐஸை இரண்டு தரம் வாங்கினால் இரண்டு தரமும் கழியும். உங்கள் "நாளைக் காலை"க்கு அந்தப் பொடியனும் பங்கு கட்டுகிறான்.

ஆகையால் நான் கேட்பது ஒன்றுதான். தேதியை எழுதித் தாருங்கள். அது சரிவராது என்று தெரிந்தால் அதற்கு முந்திய நாள் பின்னேரமே மாற்றி எழுதுங்கள். நாங்கள் ஐஸ் ஏற்றாமல் இருந்துகொள்வோம்.

வலைத் தொழிலுக்கு இருட்டு வேண்டும், நிலவில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும். தேய்பிறை அட்டமிக்குப் புறப்பட வேண்டிய படகு வளர்பிறை நாலாம் நாள் புறப்பட்டது. வாடை தொடங்க முன் கிடைத்த கடைசி இருட்டு அது. "கொஞ்சம் ஒழுக்குத்தானே, பம்மைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே" என்று உங்களில் ஒருவர் கேட்டார். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊரில் நின்றுகொண்டு, கார்த்திகையை வைத்துக்கொண்டு, இப்படிக் கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். எஞ்சின் நின்று அந்தமான் பக்கம் இழுபட்டுப் போன படகுகளின் கதையும் அவர் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இன்றும் சொல்லாமல் விடுகிறேன்.

2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனுக்குத் தடை போட்டது, அடுத்த வருடம் எடுத்தது. அந்தக் கெடுபிடியில் ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி வந்தது. நல்லது. நடுக்கடலில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று கொழும்பிலிருந்து பார்க்கலாம். ஆனால் ஒரு முழம் பக்கிங் கயிறு எங்கே இருக்கிறது என்று கரையில் ஒருவருக்கும் தெரியாது! பயண அனுமதி, ஆட்களின் விபரம், பதிவுப் புத்தகம் எல்லாவற்றிலும் எங்களிடம் தேதி கேட்கிறார்கள், நாங்களும் பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கிறோம். உங்கள் பக்கத்தில் தேதியோடு வருவது ரசீது ஒன்றுதான். அது மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையாட்கள் கெட்டிக்காரர்கள். அந்தக் கிளாண்ட் இப்போது அளவாகச் சொட்டுகிறதென்று ரேடியோவில் சொன்னார்கள். ஆட்கள் குறைவு, சாமான் வரச் சுணங்குகிறது என்பதும் விளங்குகிறது. சுணங்கட்டும். எத்தனை நாள் சுணங்கும் என்பதை மட்டும் தயவுசெய்து எழுதிப் போடுங்கள். வாசலில் ஒரு கரும்பலகை போதும்: படகின் இலக்கம், வேலை, முடியும் தேதி. பலகைக்குக் காசு ஒதுக்க வழியில்லையென்றால் அதை நானே வாங்கித் தருகிறேன், ஒரு பெட்டி சோக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
பலநாள் படகு உரிமையாளர் ஒருவர்,
மட்டக்களப்பு மாவட்டம்