மூன்று மாத வீட்டுக்கும் ஒரு நட்சத்திரம்

மக்களே,

பெட்டியைத் திறந்ததும் முதலில் இந்தக் கடிதத்தைப் படி. அப்புறம் மற்றதை வெளியே எடு. மேலேயே இருப்பது பேப்பர் நட்சத்திரம். மடித்து வைத்திருக்கிறேன், அவசரத்தில் இழுத்தால் கிழிந்துவிடும்.

"இந்த வருஷம் ஒண்ணும் செய்யப் போறதில்லம்மா, இந்த வண்டிக்குள்ள இடம் எங்க இருக்கு, எப்படியும் மூணு மாசத்துல கிளம்பணும்" என்று போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு மனசு கேட்கவே இல்லை. பதிமூன்று வாரம் ஒரு ஆஸ்பத்திரி, முடிந்ததும் வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி என்று ஓடுகிற நர்ஸ் வேலை உனக்கு. ஊருக்கு ஊர் வாடகை வீடு தேடுவதைவிடச் சொந்தமாக ஒரு கேம்பர், சக்கரம் வைத்த வண்டி வீடு, இருந்தால் நல்லது என்று நீ முடிவெடுத்தபோது நானும் அப்பாவும் மறு பேச்சுப் பேசவில்லை. போன குளிர்காலத்தில் அமெரிக்காவுக்கு, அந்த அரிசோனாப் பாலைவனத்து டூசான் ஊருக்கு வந்து உன்னோடு தங்கிய பிறகு எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இருபதடி நீளம், ஏழடி அகலம்தான். ஆனால் அங்கே சமைக்கிறாய், உறங்குகிறாய், கட்டில் தலைமாட்டில் ஜெபமாலை தொங்குகிறது. சமைத்து உறங்கி ஜெபிக்கிற இடத்துக்குக் கிறிஸ்துமஸும் வரத்தான் வேண்டும். மூன்று மாதமானாலும் சரி, மூன்று நாளானாலும் சரி.

உன் வண்டிக்குள் எல்லாவற்றையும் வைக்க முடியாது, எனக்குத் தெரியும். பெரிய மரம் வேண்டாம். சுவர் முழுக்க ஜிகினாத் தாளும் வேண்டாம், திரும்பினால் தோளில் இடிக்கும். பச்சையாக ஏதாவது வேண்டுமென்றால் அங்கே கடைகளில் டிசம்பரில் ரோஸ்மேரிச் செடியைக் குட்டி மரம் போல வெட்டித் தொட்டியில் வைத்து விற்பார்களே, அதில் ஒன்று வாங்கிக்கொள். கை பட்டாலே மணக்கும், பண்டிகை முடிந்தால் குழம்பில் போடலாம். மற்றபடி ஒரு நட்சத்திரம், ஒரு குடில், கொஞ்சம் வெளிச்சம், இவ்வளவு போதும். ஆனால் இந்த மூன்றையும் நன்றாகச் செய்.

குடிலை எங்கே வைப்பது என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். அடுப்பின் கண்ணாடி மூடி மேல் வைக்கலாம் என்று உனக்குத் தோன்றும், கண்டிப்பாக வைக்காதே. ராத்திரி டீ போடுகிற அவசரத்தில் எல்லாவற்றையும் அள்ளி ஒதுக்கவேண்டி வரும். சாப்பாட்டு மேசை ஜன்னலை ஒட்டி முடிகிற அந்தக் கோடிதான் சரியான இடம். நீ ஒருத்தி சாப்பிட அந்த அளவு மேசை தேவைப்படாது.

உன் செருப்பு வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் படுக்கவைத்தால் மாட்டுத்தொழுவம் ஆகிவிடும். உள்ளே பழுப்புக் காகிதத்தைக் கசக்கி ஒட்டினால் பாறை. இங்கேயிருந்து வைக்கோல் அனுப்ப ஆசைதான், ஆனால் அந்த நாட்டுச் சுங்கத்தில் வைக்கோல், விதை எதையும் விடமாட்டார்கள். அதனால் சணல் கயிறு ஒரு சுருள் வைத்திருக்கிறேன். விரல் நீளத்துக்கு வெட்டி, முறுக்கைப் பிரித்து உதறிவிடு, வைக்கோல் மாதிரியே இருக்கும். சுரூபங்கள் எல்லாம் கட்டைவிரல் உயரம். நடந்தாலே உன் வண்டி லேசாக ஆடும், நான் பார்த்தேன். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் அந்த வெள்ளை ஒட்டுக்களிம்பைப் பட்டாணி அளவுக்கு உருட்டி வைத்து அழுத்திவிடு. இல்லாவிட்டால் நீ கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் சூசையப்பர் கவிழ்ந்து கிடப்பார்.

முளைப்பச்சை இல்லாத குடில் எனக்குக் குடிலாகவே தெரியாது. நம் வீட்டில் சிரட்டையில் கேழ்வரகோ நெல்லோ விதைப்போம். நீ உன்னிடம் இருக்கிற பச்சைப்பயறையோ வெந்தயத்தையோ ஒரு ராத்திரி ஊறவைத்து, காபிக் கப்பில் ஈரப் பஞ்சு போட்டு அதன்மேல் நெருக்கமாகப் பரப்பு. பதினைந்தாம் தேதி வாக்கில் விதைத்தால் இருபத்திநாலுக்குள் குடிலின் இரண்டு பக்கமும் தோட்டமாக நிற்கும். அது பாலைவனக் காற்று, சீக்கிரம் உலர்த்திவிடும். ட்யூட்டிக்குப் போகுமுன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போ. வெயில் படுகிற ஜன்னல் பக்கம் வை.

குடில் சின்னதாக இருக்கிறதே என்று நினைக்காதே. 1223இல் அசிசி நகர்ப் பிரான்சிஸ், இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் முதல்முதலாக இப்படி அமைத்தபோது ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தன. ஏழைக் குழந்தை என்ன கஷ்டத்தில் பிறந்தது என்று கண்ணால் பார்க்கவேண்டும் என்றுதான் அவர் அதைச் செய்தார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பாலன் இயேசுவைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் போட்டிருக்கிறேன். இருபத்திநாலு ராத்திரி உனக்கு ட்யூட்டி இருக்கும், பன்னிரண்டு மணிக்கு நீ வார்டில் நிற்பாய். காலையில் வந்து கை கழுவிவிட்டு நீயே தொட்டியில் வை. மூன்று ராஜாக்களை அன்றைக்கே குடிலுக்குக் கொண்டுவராதே. அவர்களைக் கட்டிலுக்கு மேலே உள்ள தட்டில் நிறுத்து. அங்கிருந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, சிங்க் ஓரம் என்று கூட்டிவந்து, ஜனவரி 6 அன்று குடிலில் சேர்த்துவிடு. உன் இருபதடி வண்டியில் அவர்களுக்கும் நல்ல தூரப் பயணம்தான்.

இனி நட்சத்திரம். போன வருஷம் உன் பக்கத்து வண்டியில் மினசோட்டாவிலிருந்து குளிருக்குத் தப்பி வந்திருந்த அந்த வயதான அம்மா, நாலு பக்கமும் கூர்கூராக நீட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளை நட்சத்திரம் மாட்டியிருந்தார்களே, நினைவிருக்கிறதா? மொரேவிய நட்சத்திரம் என்று சொன்னார்கள். ஊருக்கு வந்தபிறகு அப்பா அதைப் பற்றித் தேடிப் படித்தார். 1830களில் ஜெர்மனியில் மொரேவியச் சபை என்கிற கிறிஸ்தவச் சபையாரின் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்காகக் காகிதத்தில் செய்ய ஆரம்பித்ததாம். தாய் தகப்பன் தூர தேசங்களில் ஊழியம் செய்ய, விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் உட்கார்ந்து அதை ஒட்டினார்களாம். அதை அப்பா எனக்கு வாசித்துக் காட்டியபோதுதான் உனக்கும் ஒரு நட்சத்திரம் அனுப்பியே தீரவேண்டும் என்று முடிவெடுத்தேன். நம் நாகர்கோவில் கடையில் வாங்கியது, சிவப்பும் மஞ்சளும், ஓட்டை போட்ட ஐந்து முனை.

அதற்கு வயரும் ஹோல்டரும் வைக்கவில்லை. இங்கே உள்ள சீரியல் பல்பு 230 வோல்ட்டுக்கு, அங்கே 120 வோல்ட், சரியாக எரியாது. உன் கட்டில் பக்கம் போன் சார்ஜ் போடுகிற யுஎஸ்பி இருக்கிறதே, அதில் எரிகிற சின்ன எல்இடிச் சரம் அங்கே வாங்கி நட்சத்திரத்துக்குள் சுருட்டிப் போட்டுவிடு. சூடாகாது, காகிதத்துக்கு ஆபத்தில்லை.

நட்சத்திரத்தை வெளியே வெயில்மறைப்புத் துணியில் தொங்கவிடாதே. காற்று அடித்தால் அந்தத் துணியைச் சுருட்டவேண்டும், நீ ஆஸ்பத்திரியில் இருப்பாய். ஜன்னல் கண்ணாடியை ஒட்டியும் வேண்டாம். ராத்திரி குளிரில் உன் ஜன்னல்கள் உள்பக்கம் வியர்த்து வடிவதை நான் துடைத்திருக்கிறேன், காகிதம் நைந்துபோகும். சிங்குக்கு மேலே கூரையில் ஒரு கொக்கி போட்டுத் தொங்கவிடு, உள்ளேயிருந்து எரிந்தாலும் வெளியே தெரியும். ஆணி மட்டும் அடித்துவிடாதே. அந்த மெல்லிய பலகைக்குப் பின்னால் வயர் எங்கே போகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? பிய்த்தால் தடமில்லாமல் வருகிற ஒட்டுக்கொக்கி போதும். உன் பையில் எப்போதும் கிடக்கும் ஸ்பிரிட் துணியால் இடத்தை முதலில் நன்றாகத் துடை, ஒட்டி அரை நிமிஷம் அழுத்திப் பிடி, ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு மாட்டு. வண்டியின் பக்கம் வெளியே தள்ளி உள்ளே இழுக்கிற இடத்தில் எதையும் தொங்கவிடாதே, கிளம்புகிற அன்று மறந்து இழுத்தால் எல்லாம் நசுங்கும்.

அப்பா சொல்லச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை விடமாட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் அல்லவா. உன் வண்டிக்கு வருகிற லைன் 30 ஆம்ப். 120 வோல்ட்டில் மொத்தம் 3600 வாட் கிடைக்கும். ஹீட்டர் ஒன்றே 1500 வாட் இழுக்கும். ஹீட்டர், மைக்ரோவேவ், முடி உலர்த்தும் மெஷின் மூன்றும் சேர்ந்தால் டிரிப் ஆகும். ஆனால் எல்இடி விளக்குச் சரம் நூறு பல்பு போட்டாலும் ஐந்தாறு வாட்தான், அதற்குப் பயப்படாதே என்கிறார். பழைய மாதிரி குண்டு பல்புச் சரத்தை யாராவது இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே. இதைச் சொல்லும்போதே அவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் கதைக்குப் போய்விட்டார், 1882இல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்பு எரியவிட்டு, மரத்தையும் சுழலவிட்டாராம். வருஷா வருஷம் கேட்டாலும் அப்பா முகத்தில் அந்தச் சந்தோஷம் குறைவதில்லை.

இன்னொன்று அவர் அழுத்திச் சொன்னது: மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். எவ்வளவு சின்ன இடம், பக்கத்திலேயே கேஸ், துணித்திரை. பேட்டரி விளக்கு வாங்கிக்கொள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதனால்தான் அந்த அலாரத்தைக் கீழே வைத்திருக்கிறார்கள். அதை மறைக்கிற மாதிரி பரிசுப் பெட்டி எதையும் அடுக்காதே. ஹீட்டர் காற்று வருகிற கம்பிவலை முன்னாலும் வைக்காதே.

இப்போது எனக்கு முக்கியமானதைச் சொல்கிறேன். எல்லாரும் ராத்திரிக்காக ஜோடிப்பார்கள். நீ ராத்திரி வீட்டில் இல்லை. டிசம்பர் கடைசியில் அங்கே ஏழு இருபதுக்கெல்லாம் விடிந்துவிடும், நீ ட்யூட்டி முடித்து வரும்போது வெயில் வந்திருக்கும். அதனால் உன் வீட்டைக் காலைக்காக ஜோடி. பேட்டரி விளக்குகளில் டைமர் என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் ஆறு மணி நேரம் எரிந்து, பதினெட்டு மணி நேரம் அணைந்திருந்து, மறுபடி தானாக எரியும். இருபத்திநாலு காலை ஏழு மணிக்கு அதை அமுக்கிவிட்டு, அப்புறம் தொடாதே. ஜன்னல் திரைகளை மூடிவிட்டு வேலைக்குப் போ. இருபத்தைந்து காலை நீ கதவைத் திறக்கும்போது குடில் எரிந்துகொண்டிருக்கும். யாருமில்லாத இருட்டு வீட்டுக்கு என் பிள்ளை பண்டிகை அன்று வரக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

இந்த வருஷமும் உனக்கு டூசான்தான் என்று சொன்னதில் எனக்கு உள்ளூரப் பெரிய சந்தோஷம், ஏன் தெரியுமா? ஊருக்குத் தெற்கே பத்து மைலில் அந்த வெள்ளைக் கோயில், சான் சேவியர் தெல் பாக். நம் கோட்டாறு சவேரியார் பெயரில்! சவேரியார் அமெரிக்கப் பக்கம் காலே வைத்ததில்லை. ஆனாலும் 1692இல் கீனோ சாமியார் பூர்வகுடி மக்களின் அந்தக் கிராமத்துக்கு அவர் பெயரை வைத்தார். இப்போது நிற்கிற கோயிலை 1797இல் கட்டி முடித்திருக்கிறார்கள். உள்ளே படுத்த நிலையில் இருக்கும் சவேரியார் சுரூபத்தின் தலையை அந்த ஊர் மக்கள் மெல்லத் தூக்கி வேண்டிக்கொண்டதை நானும் நீயும் பார்த்தோம். டிசம்பர் 3 இங்கே மாவட்டத்துக்கே லீவு, கோட்டாற்றில் கூட்டம் தாங்காது. அன்று உனக்கு லீவு கிடைத்தால் அங்கே போய் நம் வீட்டுக்காகவும் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வா. திரும்பி வந்ததும் அன்றைக்கே நட்சத்திரத்தைக் கட்டிவிடு, நாங்களும் இங்கே அன்று கட்டுகிறோம்.

அங்கே வாசலில் வைக்கிற பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழுப்புக் காகிதப் பையின் வாயை மடித்து, அடியில் மண் போட்டு, நடுவில் விளக்கு வைப்பார்களே, லூமினாரியா. உன் படி பக்கத்தில் நாலு பை வை, உள்ளே பேட்டரி விளக்கு. மண்ணுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. உன்னோடு வேலை செய்யும் மெக்சிகோக்காரப் பிள்ளைகள் போன வருஷம் தமாலே கொண்டுவந்து கொடுத்தார்களே, சோளத் தோகையில் பொதிந்து அவித்தது, நம் ஓலைக் கொழுக்கட்டை மாதிரி. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்காதே. அதற்காகத்தான் முந்திரிக்கொத்தைக் கூடுதலாக வைத்திருக்கிறேன். பயறு வறுத்த வாசம் போகாமல் இருக்க இரண்டு உறை போட்டிருக்கிறேன், கெடாது. அச்சுமுறுக்கு வழியில் கொஞ்சம் நொறுங்கலாம், அதை நீ சாப்பிட்டுவிடு, முழுசாக இருப்பதைக் கொடு.

பிப்ரவரியில் கிளம்பும்போது சுரூபங்களைப் பழைய காலுறைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக் கட்டு. நட்சத்திரத்தை மடிப்பு மாறாமல் மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிடு, நசுங்காது. அடுத்த வருஷம் எந்த ஊரானாலும் அது வேண்டும்.

இருபத்தைந்து காலை உனக்கு எட்டு மணி என்றால் எங்களுக்கு ராத்திரி எட்டரை. வந்து குளித்து, பாலனைத் தொட்டியில் வைக்கும்போது வீடியோ காலில் கூப்பிடு, அப்பாவுக்கும் பார்க்கவேண்டுமாம். நீ கூப்பிட்ட பிறகுதான் இங்கே கேக் வெட்டுவோம். லேட்டானாலும் பரவாயில்லை, நாங்கள் முழித்திருப்போம்.

முத்தங்களுடன்,
அம்மா