பச்சிளங்குழந்தைக் காமாலையும் ப்ரீபயாடிக் பொடியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வராமல் தடுக்க ப்ரீபயாடிக் உதவும் என்று தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். நான் காரைக்குடி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். அந்தக் குறிப்பு வந்த வாரத்திலேயே, தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணின் தாயார், சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்திருந்த ப்ரீபயாடிக் கலந்த பால்மாவு டப்பாவோடு என் வீட்டுக்கு வந்து, "பிறந்த அன்றைக்கே இதைக் கரைத்துக் கொடுத்தால் காமாலை வராதாமே, நர்ஸம்மா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

குறிப்பின் அடிப்படை தவறென்று சொல்லமாட்டேன். சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பச்சிளங்குழந்தைக்கு அந்த அணுக்களின் எண்ணிக்கை அதிகம், ஆயுள் குறைவு. ஈரலோ இன்னும் வேலை பழகவில்லை. நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 சதவீதத்தினருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரிவது இதனால்தான். ஈரல் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும் பிலிருபினிலும் ஒரு பகுதியைக் குடல் மறுபடி உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பிவிடுகிறது. மலம் போகத் தாமதமானால் அப்படித் திரும்புவது கூடும். ப்ரீபயாடிக் என்பது நுண்ணுயிர் அன்று (அது புரோபயாடிக்). குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு இரையாகும், குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைத் தொடர்களே அவை. அவற்றால் மலம் இளகி அடிக்கடி கழிந்தால் பிலிருபினும் கூடவே வெளியேறும் என்பதுதான் கணக்கு.

கணக்கு சரியாக இருப்பதும் பலன் நிரூபணமாவதும் ஒன்றல்ல. இந்தக் கேள்வியை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வுக்கு (பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் அறிக்கை) கிடைத்தவை மூன்றே சிறிய ஆய்வுகள். மூன்றிலும் சேர்ந்து 154 குழந்தைகள். மலம் கழிப்பது நாளுக்கு ஏறத்தாழ ஒரு தடவை கூடியது உறுதியாகத் தெரிந்தது. ஆனால் காமாலையைத் தடுக்க இது நம்பத்தக்க வழியா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் அந்த ஆய்வாளர்கள் முடித்தார்கள். மூன்றில் பெரிய ஆய்வில் இருந்தவை புட்டிப்பால் குடித்த நிறைமாதக் குழந்தைகள். 50 குழந்தைகளைக் கொண்ட மற்றொன்று குறைமாதக் குழந்தைகளைப் பற்றியது. தாய்ப்பால் குடிக்கும் நிறைமாதக் குழந்தைக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்துவது எப்படி? குறிப்பில் இது ஒரு வரியாவது இடம்பெற்றிருக்க வேண்டும்.

தாய்ப்பாலிலேயே இத்தகைய சர்க்கரைத் தொடர்கள் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளில் இருக்கின்றன. லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடி மிகுந்திருக்கும் திடப்பொருள் அதுதான், அதிலும் சீம்பாலில் மேலும் செறிவாக உண்டு. அப்படியானால் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு ஏன் காமாலை வருகிறது என்று அந்த அம்மாள் விடாமல் கேட்டார், நியாயமான கேள்விதான். முதல் சில நாட்களில் வரும் காமாலைக்குப் பெரும்பாலும் பால் போதிய அளவு உள்ளே போகாததும் ஒரு காரணமாகிறது. எனவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டு, அதன்பின் நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுப்பதே பிள்ளையின் முதல் கரும்பச்சை மலத்தை விரைவில் வெளியேற்றும் வழி. நம் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் நடக்கும் சேனை வைப்பதும் (பிறந்த பிள்ளையின் நாவில் இனிப்புத் தொட்டு வைப்பது) சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுவதும் பிள்ளையின் பசியை மழுங்கடித்து இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கின்றன. அந்தச் சேனையின் இடத்தில் இப்போது விலை உயர்ந்த டப்பா வந்து உட்காரப் பார்க்கிறது என்பதுதான் என் வருத்தம். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பூண்டுக் குழம்பிலும் சின்ன வெங்காயத்திலும் ப்ரீபயாடிக் உண்டு என்பது உண்மை. ஆனால் அது அவள் குடலோடு நின்றுவிடும், பாலில் வந்து சேராது.

கண்டறிவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பழைய வீடுகளின் உள்ளறைகள் இருட்டு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் மஞ்சளாகவே தெரியும், அல்லது எதுவுமே தெரியாது. பகலில் வளவு (வீட்டின் நடுமுற்றம்) வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத்தான் வளவு; காலை வெயிலில் காட்டினால் காமாலை இறங்கிவிடும் என்று அதையே வைத்தியமாக நம்பக் கூடாது. வெயிலைக் கண்டுதான் 1950-களில் இங்கிலாந்தில், குழந்தையை விளக்கொளியில் வைத்துக் காமாலையைக் குறைக்கும் ஒளிச் சிகிச்சை பிறந்தது என்றாலும், இன்று அளவறிந்து கொடுக்கப்படும் நீல ஒளிக்கு வெயில் ஈடாகாது.

இன்னொன்று, பெட்டகத்தில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பழந்துணியை அப்படியே எடுத்துக் குழந்தைக்குச் சுற்றுவது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு, அந்த உருண்டையில் உள்ள நாப்தலீனின் நெடியே சிவப்பணுக்களைச் சிதைத்துக் காமாலையைக் கடுமையாக்கக்கூடும்.

கைக்குழந்தைகளுக்கான பால்மாவை விளம்பரப்படுத்துவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடை செய்திருக்கிறது. தங்கள் குறிப்பு எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் படித்தவர்கள் கடைக்குத்தான் போகிறார்கள்.

ஆகவே அடுத்த இதழில் இந்தச் சில வரிகளையாவது சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்: பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சள், உள்ளங்கை உள்ளங்காலை எட்டிய மஞ்சள், பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும் பிள்ளை, வெளுத்த மலம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு பிலிருபின் உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். சுகப்பிரசவமானவர்கள் அதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள் என்பதால், அந்த நாட்களில் ஒரு முறை குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கானாடுகாத்தான்.