ஜெயனுக்கு, கைதச்சக்கை (அன்னாசி) தோல் விஷயமாக

அன்புள்ள ஜெயன்,

இங்கே எல்லாரும் சுகம். ராசு கல்யாணப் பேச்சு பழைய நிலையில்தான், உனக்குத் தெரியாததா!

தக்கலைக் கடைச் சுவருக்கு, ஜூஸுக்குச் சீவிப் போடும் கைதச்சக்கைத் தோலிலேயே பலகை செய்யப்போகிறாயாமே. செய் மக்கா. ஆனால் ஜெலட்டின் போட்டு இறுக்கலாம் என்று எவன் சொன்னான்? அன்னாசியில் இருக்கும் புரோமிலைன் என்ற நொதி, புரதத்தைச் சிதைத்துவிடும். ஜெலட்டினும் புரதம்தானே, பச்சைத் தோலோடு சேர்த்தால் கடைசிவரை கூழாகவே கிடக்கும். தோலைப் பொடியாக நறுக்கி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடி. வடித்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார், இனிப்பு தெரியாத வரை தண்ணீர் மாற்று. உள்ளே தங்கும் சர்க்கரைதான் ஈரத்தை இழுத்து எறும்பையும் பூஞ்சையையும் கூப்பிடும். பாதிப்பேர் கோட்டைவிடுவது இங்கேதான், கேட்டியா.

இறுக்குவதற்கு மரச்சீனி (மரவள்ளி) மாவு போதும். நன்றாக உலர்த்தி ரவைப் பதத்தில் பொடித்த தோல் 300 கிராமுக்கு, மாவு 100 கிராம், தண்ணீர் 700 மில்லி, வினிகர் இரண்டு கரண்டி, கிளிசரின் 30 கிராம் என்று தொடங்கு. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் வை, இல்லாவிட்டால் கட்டி தட்டும். சிறுதீயில் கிண்டி, கண்ணாடி போலத் தெளிந்ததும் பொடியைச் சேர். கொசுவலைச் சட்டத்தில் அரை விரல் கனத்துக்குப் பரப்பி, மேலேயும் ஒரு வலைச் சட்டத்தை வைத்து இறுகக் கட்டு. இரண்டு பக்கமும் காற்று படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். கிளிசரின் குறைந்தால் பலகை விரிசல் விடும், கூடினால் ஆடிச் சாரலில் பிசுபிசுக்கும். நம்ம ஊருக்கு மழை இரண்டு தடவை வருமே, அதனால் மாசி பங்குனி வெயிலிலேயே காயவைத்து முடித்துவிடு. காய்ந்ததும் இரண்டு பக்கமும் அவலரக்கு (ஷெல்லாக்) பூச்சு.

நீ பெருமையாக எழுதிய பினாடெக்ஸ், அதுதான் அந்தத் தோல் மாதிரித் துணி, வேறு சங்கதி. அது பழத்தோல் இல்லை, அன்னாசி இலை நார். ரப்பர் தோட்டத்து ஊடுபயிரில் இலை கிடைக்கும்தான், ஆனால் நார் எடுக்கத் தனி எந்திரம் வேண்டும். இப்போதைக்கு விடு.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதே: அடுப்பை ஒட்டி இந்தப் பலகை வேண்டாம், தீப்பிடிக்கும். கை கழுவும் இடத்துக்கும் ஆகாது; அங்கே சிரட்டைதான், தேங்காய் ஓடு. நாரைச் சுரண்டி, ஓர் அங்குலத் துண்டாக அறுத்து, தண்ணீர் தாங்கும் பலகையில் எபாக்ஸிப் பசையால் ஒட்டி, 80 பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் தேய். மூக்கைக் கட்டிக்கொண்டு தேய், அந்தத் தூசி பொல்லாதது.

சிரட்டைக்குக் கொப்பரைக் களத்தில் நான் சொல்லிவைக்கிறேன். சுவரின் நீள அகலத்தை உடனே எழுது. சும்மா கோடு வரைந்து அனுப்பாமல், அளவு போட்டு அனுப்பு.

அன்புடன்,
செல்வன்